டீசல் வண்டியும் கரி வடிகட்டியும்: டிரைவர்களும் கிராணிமார்களும் அறிய வேண்டியவை

(மலாக்கா வட்டாரத் தோட்டக் கமிட்டி உறுப்பினர்களும் டிரைவர்களும் கிராணிமார்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி நாம் பேசாத கூட்டம் கிடையாது. இன்று ஓர் இயந்திரச் சாமானைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சங்கத்துக்கும் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. அந்தச் சாமான் அடைத்துக்கொண்டால் வண்டி நிற்கிறது. வண்டி நின்றால், "நீ ஓட்டிய லட்சணத்தால்தான் கெட்டது, நீயே பணம் கட்டு" என்று டிரைவரைப் பார்த்துக் கை நீட்டுகிறார்கள். ஆகவே இது சம்பளப் பிரச்சினையும் ஆகிறது. விஷயம் தெரிந்தவனை யாரும் எளிதில் மிரட்ட முடியாது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

மலேயாவில் ரப்பரை முதன்முதலாக வியாபாரப் பயிராக நட்டது நம் மலாக்காவில்தான். 1896 இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்த நாளில் சரக்கு இழுத்தது மாட்டு வண்டி. இன்று பால், கட்டிப்பால், உரம், ஆள் எல்லாமே டீசல் வண்டியில் போகின்றன. ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிபோன நம் பிள்ளைகளில் பலர் லோரியும் வேனும் ஓட்டிப் பிழைக்கிறார்கள். சிலர் கையில் இருந்ததையும் கடனையும் போட்டுப் பழைய பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறார்கள். அந்த வண்டிகளில் சிலவற்றில்தான் இந்தச் சாமான் இருக்கின்றது. பெயர் கரி வடிகட்டி. பட்டறையில் 'டி.பி.எப்.' என்பார்கள்.

வடிகட்டி செய்யும் வேலை

டீசல் எரியும்போது புகையோடு மிக நுண்ணிய கரித்தூள் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிட, தெரியாத தூளே நுரையீரலின் ஆழம்வரை போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012 ஜூன் மாதத்தில் முதல் பிரிவில் சேர்த்து அறிவித்தது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில், ஓடிக்கொண்டிருக்கும் லோரிக்குப் பின்னால் நிற்பவர்கள் நாம்தான். ஆகவே கரியைப் பிடித்து வைக்கும் இந்தச் சாமான் நமக்கு நண்பனேயன்றிப் பகைவன் அல்ல. முதலில் இதை மனத்தில் வையுங்கள்.

பால் ஸ்டோரில் பாலை ஊற்றும்போது வலை வைத்து வடிகட்டுகிறோம். பட்டையும் கட்டியும் வலையில் நிற்கின்றன; பால் இறங்கிவிடுகிறது. புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டியும் அந்த வேலையைத்தான் செய்கிறது. உள்ளே பீங்கான் போன்ற பொருளால் செய்த தேன்கூடு இருக்கும். அதன் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். புகை நேராக வெளியே போக வழியில்லை. பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போகவேண்டும். காற்று போய்விடும், கரி சுவரிலே தங்கிவிடும்.

வலை நிறைந்தால் எடுத்து உதறலாம். இதை நாள்தோறும் கழற்றி உதற முடியாது. அதனால் கரியை அங்கேயே எரித்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சுமையோடு போகும்போது குழாய் நன்றாகச் சூடேறி, கரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அந்தச் சூடு போதாதபோது வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலை அதிகப்படியாகச் செலுத்தி, வடிகட்டியின் சூட்டை ஏறக்குறைய 600 டிகிரிக்குக் கொண்டுவரும். பத்து இருபது நிமிடத்தில் கரி எரிந்துபோகும். இதைப் பட்டறையில் 'ரீஜென்' என்பார்கள். நாம் 'கரி எரிப்பு' என்றே சொல்வோம்.

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். அடுப்பில் கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சுகிறதல்லவா? இதிலும் மிஞ்சும். இஞ்சின் எண்ணெயில் கலந்துள்ள சில சரக்குகள்தாம் முக்கியமாக அந்தச் சாம்பலாகின்றன. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. கழற்றித்தான் சுத்தம் செய்யவேண்டும். வண்டி பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வரும் இந்தச் சாம்பலை டிரைவரின் குற்றம் என்பது அநியாயம். அது தேய்மானம்.

தோட்டத்து வண்டியில் ஏன் அடைக்கிறது?

நம் வண்டிகள் ஓடும் விதத்தைப் பாருங்கள். ஆபீசிலிருந்து பத்தாம் நம்பர் மலைக்கு மண் சாலையில் முதல் கியரில் ஏறுவது. பால் ஏற்றும்வரை இஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது. மறுபடி அரை மைல் போய் நிறுத்துவது. குழாய் சூடேறவே நேரமில்லை. கரி எரிப்பு ஆரம்பித்தாலும் பாதியிலே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். இப்படிப் பலமுறை பாதியில் நின்றால் கரி ஏறிக்கொண்டே போகும். அதோடு, எரியாத டீசல் கசிந்து இஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் அளவுக் குச்சியில் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்திருந்தால், தோழர்களே, அது நல்ல சகுனமன்று. எண்ணெய் நீர்த்துப்போய் இஞ்சினையே தின்றுவிடும். உடனே மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது காரணம் டீசல். நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ணெய் நிலையங்களில் யூரோ 5 டீசல்தான் விற்கவேண்டும் என்று ஆயிற்று. அதற்கு முன் விற்ற யூரோ 2எம் டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்குவரை கந்தகம் இருக்கலாம். யூரோ 5 இல் 10 பங்குக்கு மேல் கூடாது. கந்தகம் மிகுந்தால் வடிகட்டியும் அதனோடு சேர்ந்த சாமான்களும் கெடும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். விலை ஏறினால் பீப்பாயில் வரும் மலிவு டீசல்மேல் ஆசை வரும். அந்த டீசலில் என்ன கலந்திருக்கிறது என்று யார் அறிவார்? லிட்டருக்குச் சில காசு மிச்சம் பிடித்து, ஆயிரக்கணக்கான வெள்ளி பெறுமான சாமானை இழப்பது கணக்காகாது. தோட்டத்து டாங்கியில் ஊற்றியிருப்பது எந்த வகை டீசல் என்று நிர்வாகத்தைக் கேட்பது டிரைவரின் உரிமை.

மூன்றாவது, இஞ்சின் எண்ணெய். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் ஊற்றவேண்டும். டப்பாவின் மேல் பிக்கப் வண்டிகளுக்கு 'சி2' அல்லது 'சி3' என்றும், லோரிகளுக்கு 'ஈ6' அல்லது 'சிகே-4' என்றும் அச்சிட்டிருப்பது வழக்கம். எது பொருந்தும் என்பதை வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். "எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

நான்காவது காரணமே மிகவும் முக்கியமானது. வடிகட்டி அடைத்தால் வடிகட்டிமேல் பழி போடுகிறோம். பெரும்பாலும் நோய் வேறிடத்தில் இருக்கும். டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினால் கரி மிகும். டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்தால் காற்றுப் போதாமல் கரி மிகும். புகையைத் திருப்பியனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு ஒட்டிக்கொண்டால் கரி மிகும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் இஞ்சின் சூடேறாது. சூடேறாவிட்டால் பல வண்டிகளில் கரி எரிப்பே ஆரம்பிக்காது. கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் வீடு காயுமா?

நோயைக் கண்டுபிடிக்கும் முறை

முதலில் உங்கள் வண்டியில் இந்த வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் ஓடும் எல்லா டீசல் வண்டிகளிலும் இல்லை. கையேட்டில் எழுதியிருக்கும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எல்லா விளக்கும் எரியும்போது, குழாய்ப் பெட்டிக்குள் புள்ளிகள் வைத்தாற்போல ஒரு சின்னம் தெரிந்தால் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தால் பயப்பட வேண்டாம். "எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு, எரித்துக்கொள்கிறேன்" என்று வண்டி கேட்கிறது, அவ்வளவுதான். கையேடு சொல்லும்படி நல்ல சாலையில் நிற்காமல் ஓட்டவேண்டும். அலோர் காஜா பக்கத்துத் தோழர்கள் சிம்பாங் அம்பாட் டோலில் ஏறி ஆயர் குரோவுக்கோ ஜாசினுக்கோ ஒரே சீராக ஓட்டிப் போனால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். சட்ட வேகத்துக்கு மேல் போகவேண்டிய அவசியமில்லை. கியரை ஒன்று குறைத்து இஞ்சின் சுற்றைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

அந்த விளக்கோடு இஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி இழுக்கவும் மறுத்தால் இனி ஓட்டித் தீர்க்க முடியாது. பட்டறைக்குப் போகவேண்டும். அங்கே மெக்கானிக் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் உடனே வடிகட்டியைக் கழற்ற மாட்டார். முதலில் ஸ்கேனரைப் பொருத்தி எண்களைப் படிப்பார். பி2463 என்றால் கரி மிகுந்துவிட்டது. பி242எப் என்றால் சாம்பல் நிறைந்துவிட்டது. பி2002 என்றால் வடிகட்டி வேண்டிய அளவு பிடிக்கவில்லை. பி2452 முதல் பி2455 வரையில் வந்தால் அழுத்தம் அளக்கும் சென்சர் பக்கம் கோளாறு. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழித்துவிட்டால் நாளை சாட்சி இல்லை.

பிறகு அழுத்தம் பார்க்கவேண்டும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு குழாய்கள் சென்சருக்குப் போகும். இஞ்சின் அணைந்திருக்கும்போது அந்த அழுத்த வேற்றுமை சைபர் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பொய் சொல்வது சென்சர், வடிகட்டியல்ல. இஞ்சினை ஓட்டிச் சுற்றைக் கூட்டும்போது அழுத்தம் மெல்ல ஏறவேண்டும். கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் பாய்ந்தால் அடைப்பு உண்மை. சுற்றைக் கூட்டியும் சைபரிலேயே நின்றால், சிறு குழாய் கழன்றிருக்கலாம், வெடித்திருக்கலாம். அல்லது வடிகட்டியின் உள்ளே ஒன்றுமே இல்லாதிருக்கலாம். பழைய வண்டி வாங்கும் தோழர்கள் இந்தக் கடைசி வார்த்தையை மறக்கவேண்டாம். உள்ளிருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு விற்பவர்களும் உண்டு. ஒரு வெள்ளைத் துணியால் குளிர்ந்த புகைக்குழாயின் வாயை உட்புறம் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நன்றாயிருந்தால் துணியில் கரி அநேகமாக ஒட்டாது. கன்னங்கரேலென்று வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

சீர்செய்யும் முறை

முதலில் மூலகாரணத்தைத் தீர்க்கவேண்டும்: ஒழுகும் குழாய், கெட்ட இன்ஜெக்டர், பொய் சொல்லும் சென்சர். அதன்பின் ஸ்கேனர் மூலம் நிற்கும் நிலையிலேயே கரி எரிப்புச் செய்யலாம். சில லோரிகளில் இதற்கென்றே ஒரு பொத்தானும் இருக்கும். இதைச் செய்யும்போது குழாய் கடுஞ்சூடாகும். கூரைக்குள் செய்யக்கூடாது, பிள்ளைகளை அண்டவிடக்கூடாது. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் தரையெல்லாம் காய்ந்த சருகு கிடக்குமே, அதன்மேல் வண்டியை நிறுத்திக் கரி எரிப்புச் செய்தால் வண்டியும் போகும், தோப்பும் போகும். வெறும் மண்ணிலோ கல் தரையிலோ நிறுத்துங்கள்.

அடைப்பு மிக அதிகமானால் கட்டாய எரிப்பும் ஆபத்து; உள்ளே நெருப்பு கட்டுக்கடங்காமல் பீங்கான் உருகிவிடும். அப்போதும், சாம்பல் நிறைந்தபோதும், கழற்றி அதற்கென்று உலையும் காற்றழுத்தக் கருவியும் வைத்திருக்கும் இடத்தில் கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். கம்பியை விட்டுக் குத்துவதும், தோட்டத்துக் காற்றுப் பம்பால் ஊதுவதும் கூடாது. தேன்கூடு உடையும், அந்தத் தூள் நம் மூச்சில் போகும். கடையில் விற்கும் மருந்துப் புட்டி கரி எரிய ஓரளவு உதவலாம். சாம்பலையோ ஒழுகும் இன்ஜெக்டரையோ அது தீர்க்காது. எல்லாம் பார்த்தும் உள்ளே உடைந்து உருகியிருந்தால்தான் புதிது போடவேண்டும்.

"எடுத்து எறிந்துவிடலாம், தொல்லை விட்டது" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் டீசல் இஞ்சின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி புகை 50 எச்.எஸ்.யூ. அளவுக்கு மேல் போகக்கூடாது. பரிசோதனையில் தோற்றால் வண்டி நிற்கும். அது ஒருபுறமிருக்கட்டும். அந்தக் கரி யார் மூச்சில் போகும்? பின்னால் சைக்கிளில் வரும் நம் தங்கையின் மூச்சில்தான்.

பழி யார் தலையில்?

இப்போது சங்கத்தின் விஷயத்துக்கு வருகிறோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. ஒரு புதிய வடிகட்டி அந்தச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு விலை கேட்கும். அதை டிரைவர் தலையில் கட்டினால் குடும்பம் என்ன ஆகும்?

1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. தவறி அதிகமாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், வேறு சட்டம் அனுமதிப்பது, தொழிலாளியே எழுத்தில் கேட்டுக்கொண்ட சங்கச் சந்தா போன்றவை அதில் அடங்கும். வண்டிச் சாமான் கெட்டது என்று முதலாளி தாமாக ஒரு விலை வைத்துப் பிடித்துக்கொள்ள அந்தப் பட்டியலில் இடமில்லை. வேண்டுமென்றே கெடுத்தான் என்று சொல்வார்களானால் முறைப்படி விசாரணை வைக்கட்டும். பிடித்தம் நடந்தால் கமிட்டியிடம் சொல்லுங்கள்; தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிரைவர்தான் காரணம் என்று எப்போதும் சொல்ல முடியாது என்பதற்கு உலகமறிந்த வழக்கொன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டீசல் ஹைலக்ஸ், பார்ச்சூனர், பிராடோ வண்டிகள் 2,64,000 க்கு மேற்பட்டவை. தொடர்ந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அவற்றின் வடிகட்டி அமைப்பு சரிவர வேலை செய்யவில்லை. வெள்ளைப் புகை கக்கிற்று. வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். வண்டி விற்கும்போதே குறையோடு விற்கப்பட்டது என்று கூட்டரசு நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நட்டஈடு எவ்வளவு என்ற வாதம் 2024 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம்வரை சென்றது. வேகமாக ஓட்டினால் தீரும் என்று நாம் சொல்லும் அதே வைத்தியம் அங்கே பலிக்கவில்லை. தனித்தனியே பட்டறை வாசலில் நின்றிருந்தால் அவர்கள் குரல் கேட்டிருக்குமா? சேர்ந்து நின்றதால் கேட்டது.

நீதிமன்றமாயினும் விசாரணையாயினும் எழுத்துதான் பேசும். ஆகவே கிராணிமார் நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள். விளக்கு எரிந்த தேதி, அப்போதைய கிலோமீட்டர், யாரிடம் சொல்லப்பட்டது, எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது, டீசல் எங்கே வாங்கப்பட்டது, ஸ்கேனர் எண் என்ன, பட்டறை என்ன செய்தது: இத்தனையும் எழுதி டிரைவரின் கையெழுத்தும் வாங்குங்கள். டிரைவர் தோழர்களே, விளக்கு எரிந்த அன்றே வாயால் சொல்வதோடு நில்லாமல் புத்தகத்திலும் பதியச் செய்யுங்கள். "வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பெரிய சாலையில் ஓட்ட அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். கேட்டும் அனுமதி தராமல் மண் சாலையிலேயே ஓட்டச் சொன்னால், அடைப்புக்கு யார் பொறுப்பு என்பதை அந்தப் புத்தகமே சொல்லும்.

பெரட்டுக்களத்தில் நிற்கும் பால்மரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நிற்கும் லோரியின் இஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். வடிகட்டி இல்லாத பழைய லோரியானால் அது உங்கள் நுரையீரலைக் காக்கும். வடிகட்டி உள்ள லோரியானால் அது டிரைவரின் சம்பளத்தையும் காக்கும். கரி எரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் அணைக்கவேண்டாம்; டிரைவர் சொன்னால் தள்ளி நில்லுங்கள்.

இந்தச் செய்தியை மெர்லிமாவ், பெம்பான், டுரியான் துங்கல், மஸ்ஜித் தானா என்று டீசல் வண்டி ஓட்டும் நம்மவர் இருக்கும் இடமெல்லாம் கொண்டுபோய்ச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.